பாதுகாவலர் கையொப்பம்

"இன்னிக்கு மட்டும் அவ தூங்கட்டும், வகுப்புக்கு வெளியதான் நிப்பா. நேத்தே சொல்லிட்டேன்" என்றபடி கணக்கு டீச்சர் வினாத்தாள் கட்டை மேஜையில் தொப்பென்று போட்டார்.

அந்த மேஜை பன்னிரண்டரை மணி வரைக்கும் இரண்டாம் வகுப்பு டீச்சருடையது, அதற்கு மேல் கணக்கு டீச்சருடையது. காலையில் சின்னப் பிள்ளைகள், மதியம் பெரிய பிள்ளைகள் என்று ஒரே கட்டடத்தில் இரண்டு பள்ளிக்கூடம். டீச்சர்கள் இருவரும் பேசிக்கொள்ள வாய்ப்பது நடுவிலுள்ள அரை மணி நேரம்தான். அதில் பாதி, பெற்றோர்களைத் திட்டுவதிலேயே போய்விடும்.

"யாரு, அந்தத் தூங்குமூஞ்சியா?" என்று கேட்டார் இரண்டாம் வகுப்பு டீச்சர்.

"அவளேதான். ஒன்பதாம் வகுப்புக்கு வந்துட்டா, இன்னும் தொட்டில் பிள்ளைன்னு நினைப்பு. முதல் வரிசையில உக்கார வெச்சேன். அங்கயும் தூங்கறா. வீட்டுல பொறுப்பானவங்க யாரையாவது கூட்டிட்டு வாடின்னா, 'வந்திருக்கேனே டீச்சர்'ங்கறா. திமிரைப் பாத்தீங்களா?"

"பிள்ளையைச் சொல்லி என்ன டீச்சர்? பெத்தவங்களைச் சொல்லணும். என் வகுப்புல ஒரு வாண்டு இருக்கு. அது அம்மாவை நீங்க பாக்கணுமே!"

"நீங்க பாத்திருக்கீங்களா?"

"இல்ல. டைரியிலதான் பழக்கம்" என்று ஒப்புக்கொண்ட இரண்டாம் வகுப்பு டீச்சர், அந்த டைரியிலிருந்து தான் செல்போனில் படமெடுத்து வைத்திருந்த பக்கங்களைக் காட்டினார். எழுத்து முத்து முத்தாக இருந்தது. 'பாதுகாவலர் கையொப்பம்' என்ற இடத்தில் மட்டும் யாருக்கும் புரியாத ஒரு சுழி.

"இதைக் கேளுங்க. 'பிள்ளை பென்சிலைக் கடிக்கிறாள். திட்டினால் முழுப் பென்சிலையும் கடிக்கிறாள். நேற்று திட்டாமல் பார்த்தேன். பாதிதான் கடித்தாள்.'"

கணக்கு டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இது போன வாரம். 'வீட்டில் சத்தம் அதிகம். காதைப் பொத்திக்கொண்டே இரண்டாம் வாய்ப்பாட்டை ஒப்பித்தாள். தூங்க வைக்கப் பன்னிரண்டு மணி ஆகிவிட்டது. வகுப்பில் கண் அசந்தால் தயவுசெய்து அதட்ட வேண்டாம்.'"

"அதென்ன அப்படிச் சத்தம்?"

"பக்கத்துல கட்டடம் ஏதாவது கட்டுவாங்க. அந்த இடியிலயும் உக்காந்து வாய்ப்பாடு சொல்லிக்குடுத்திருக்கு பாருங்க, அந்தப் புண்ணியவதி."

"நீங்க அதட்டினீங்களா?"

"ஐயோ, மனசு வருமா? பெஞ்சுலயே படுக்க வெச்சேன். ஒரு மணி நேரம் நல்லாத் தூங்குச்சு."

கணக்கு டீச்சர் பெருமூச்சு விட்டார். அவருக்கு உண்மையிலேயே பொறாமையாக இருந்தது. "இப்படி அக்கறையா எழுத, என் தூங்குமூஞ்சிக்கும் வீட்டுல ஒரு ஆள் இருந்திருந்தா நான் ஏன் தொண்டை வறளக் கத்தப்போறேன்?"

"ஒரு மணிக்கு எங்களுக்குப் பெற்றோர் கூட்டம். அந்தம்மா கட்டாயம் வருவாங்க. நீங்களும் ஒரு எட்டு வந்து பாருங்க."

"எங்க? அதே ஒரு மணிக்கு ஒன்பதாம் வகுப்புக்குப் பரீட்சை. இல்லேன்னா அவங்களைக் கையோட கூட்டிட்டுப் போயி, அந்தத் தூங்குமூஞ்சியைப் பெத்தவங்களுக்குப் பாடம் எடுக்கச் சொல்லியிருப்பேன்."

வாசலில் அந்த வாண்டு வந்து நின்றது. ஒரு கையில் பாதி கடித்த பென்சில், மறு கையில் டைரி.

"வீட்டுல குடுக்கச் சொன்னாங்க டீச்சர்."

"நூறு ஆயுசு உங்கம்மாவுக்கு! இப்பதான் பேசிட்டிருந்தோம்" என்று டைரியை வாங்கிப் பிரித்தார் இரண்டாம் வகுப்பு டீச்சர். படித்தார். மறுபடியும் படித்தார். அதை மேஜையின் மறுபக்கத்துக்கு நகர்த்தினார்.

கணக்கு டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

'கூட்டத்துக்கு வர முடியாததற்கு மன்னிக்கவும். ஒரு மணிக்கு எனக்குக் கணக்குப் பரீட்சை. இன்றும் தூங்கிவிட்டால் டீச்சர் என்னை வகுப்புக்கு வெளியே நிறுத்திவிடுவார்.'