பச்சை விளக்கு

டீ குடிக்கப் போன நாலு பேரும் திரும்புவதற்குள் அவர்களுடைய பெயர்களை கதவையும் கம்ப்யூட்டரையும் திறந்துவிடும் சிஸ்டத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னார் மேலாளர் ஜெபராஜ். வேலை போன சங்கதி அவர்களுக்கே இன்னும் தெரியாது. "சொன்னப்புறம் ஒரு நிமிஷம் உள்ள விட்டாலும் ரிஸ்க்கும்மா." யார் பெயரை எடுப்பதானாலும் பூங்கோதை ஒருத்தியால்தான் முடியும். இன்னொருவர் கையில் அந்த அதிகாரம் இருப்பதும் ரிஸ்க் என்று சட்டம் போட்டவர் அவரேதான். பூங்கோதை முதலில் தன் பெயரை எடுத்தாள். திரை அவளை வெளியே தள்ளியது. "மிச்சத்த நீங்களே எடுத்துக்குங்க சார்." ஜெபராஜ் அவளுடைய கீபோர்டைத் தட்டிப் பார்த்தார்; திரை அவரை உள்ளே விடவில்லை. வாசலில் அவளுடைய கார்டுக்குக் கதவு திறக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அந்த நாலு பேரில் முதலாவதாகத் திரும்பி வந்த தஸ்தகீர் தன் கார்டைக் காட்டினான். பச்சை விளக்கு எரிந்தது.

"என்னக்கா, உங்க கார்டு செத்துப்போச்சா?"

"உன்னுது உசுரோட இருக்குல்ல? உள்ள போ."