அண்ணன் பார்த்துக் கொடுத்த வண்டி

"டாடாவா, மகிந்திராவா? நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்கண்ணே. நீங்க கை காட்டுற வண்டிக்குத்தான் பேங்க்ல எழுதிக் கொடுக்கப் போறோம்."

மலர்கொடி இப்படிக் கேட்டதும் நடராசனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. பெரம்பலூரில் இருபது வருஷமாகச் சின்ன வெங்காய மண்டி நடத்துகிறவர். தன்னைக் கேட்காமல் இந்த வட்டாரத்தில் ஒருத்தனும் ஒரு டயர்கூட மாற்றமாட்டான் என்பது அவருடைய நினைப்பு.

தவிர, அவருக்கும் அப்போது தலைபோகிற அவசரம். மண்டிச் சரக்கைத் திருச்சிக்கு ஏற்றிப்போகும் வாடகை வண்டிக்காரன் சின்னதுரை கூப்பிட்டால் வருவதில்லை. வந்தாலும் அவன் கேட்கும் வாடகைக்கு நெஞ்சு அடைத்துவிடும். போன வாரம் அவனுக்காகக் காத்திருந்தே நாற்பது மூட்டை முளைவிட்டுப் போனது. கைக்காசு போடாமல் நம் வாசலில் ஒரு வண்டி நிற்காதா என்று அவர் ஏங்கிக்கொண்டிருந்த நேரத்தில், அவர் மண்டிக்கு வெங்காயம் போடும் வாலிகண்டபுரம் மலர்கொடி, லோனில் பிக்கப் எடுக்கிறோம் என்று வந்து நிற்கிறாள்!

"வண்டியில என்ன ஏத்தப்போற?" என்று சும்மா கேட்டுவைத்தார்.

"வெங்காயம்தாண்ணே."

"எங்க போவும்?"

"திருச்சிக்குத்தாண்ணே. எங்க வூட்டுக்காரரு ஓட்டுவாரு. தினம் லோடு இருக்கும்ல?"

"இருக்குமாவா? ஓட்டி மாளாது போ!"

அன்று முதல் நடராசனுக்குக் காலில் சக்கரம் முளைத்துவிட்டது. வேப்பந்தட்டையில் ஒருவர் மகிந்திரா வைத்திருந்தார். பருத்தி மூட்டைகளோடு அதில் ஏறி மலையடிவாரம் வரை குலுங்கிக்கொண்டே போய்வந்தார். அரியலூரில் சிமெண்ட் ஏற்றும் டாடா 207 ஒன்று நின்றது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதன் அடியில் படுத்து, பாரம் தாங்கும் பின்பக்க வில்பட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். தன் கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட அவர் இவ்வளவு மெனக்கெடவில்லை.

ஒரு வாரம் கழித்துத் தீர்ப்புச் சொன்னார்.

"ரெண்டும் தங்கமான வண்டிதான். நம்ம ஓட்டம் மண்டியிலேர்ந்து திருச்சிக்கு, பூரா தார் ரோடு. பேசாம டாடாவை எடுத்துடு."

மலர்கொடி தயங்கினாள். "காட்டுக்குள்ள இறங்கி மூட்டை எடுக்கிற மாதிரி இருந்தா தேவலைண்ணே. மழைக்காலத்துல நம்ம பக்கம் களிமண்ணு காலை விடாது."

நடராசன் அசந்துபோனார். அடேங்கப்பா, வயலுக்கே போய்ச் சரக்கெடுத்து என் மண்டிக்குக் கொண்டுவரப் பார்க்கிறாளே! கும்பிடலாம் போலிருந்தது அவருக்கு.

"அப்படின்னா மகிந்திரா! கண்ணை மூடிக்கிட்டு எடு."

அதோடு விட்டாரா? "விடியறதுக்குள்ள திருச்சி மார்க்கெட்டுல நுழைஞ்சிடணும், அப்பத்தான் விலை நிக்கும். கண்டவன்கிட்ட இறக்காத. காதர் பாட்சான்னு ஒருத்தர், ரொம்ப நேர்மை. எடை சுத்தமா இருக்கும். கழிவுன்னு ஒரு கிலோகூடப் பிடிக்கமாட்டாரு."

சொன்ன பிறகுதான், தான் மூட்டைக்கு இரண்டு கிலோ கழிவு பிடிப்பது ஞாபகம் வந்து லேசாக இருமிக்கொண்டார். மலர்கொடி கடை நம்பரைக் கவனமாக எழுதிக்கொண்டாள்.

வண்டி வந்த அன்றே நடராசன் சின்னதுரைக்குப் போன் போட்டார். "இனிமே உன் வண்டி நம்ம வாசல்ல நிக்கக் கூடாது. வேற ஆளைப் பாத்துக்க!" என்று கத்திவிட்டுப் போனை வைத்தார். எத்தனை நாள் ஆத்திரம்! நெஞ்சிலிருந்து ஒரு பாரமே இறங்கியது.

வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் அம்மன் கோயில் வாசலில் வண்டிக்குப் பூசை. மாலை, பூசணிக்காய், எலுமிச்சம்பழம் எல்லாம் நடராசன் செலவு. பூசாரி கற்பூரம் காட்டியதும், பூசணிக்காயை அவரே வாங்கிச் சுற்றி ஓங்கி உடைத்தார். நான்கு சக்கரத்துக்கும் பழம் வைத்தது அவர் கை. மலர்கொடியின் வீட்டுக்காரர் செல்லப்பன் வண்டியை நகர்த்த, பழங்கள் நசுங்கின. நடராசன் மீசையைத் தடவிக்கொண்டார்.

"நேரா மண்டிக்கு விடச் சொல்லு மலரு. முப்பது மூட்டை தைச்சு வச்சிருக்கேன்."

"இன்னிக்கு வேற லோடு இருக்குண்ணே."

"வேற லோடா? யாரோடது?"

மலர்கொடி கோயில் பக்கம் திரும்பிக் கை காட்டினாள். பாப்பாயி, சாந்தா, பாக்யலட்சுமி என்று இருபது பெண்கள் நெற்றி நிறையக் குங்குமத்தோடு சிரித்தபடி வந்துகொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் அவர் மண்டிக்கு வெங்காயம் போடுகிறவர்கள்.

"இவங்களோடதுதாண்ணே. லோனு எங்க மகளிர் குழு பேருல வாங்கினது. இனிமே எங்க எல்லார் வெங்காயமும் காட்டுலேர்ந்து நேரா காதர் பாட்சா பாய் கடைக்கே போயிடும்" என்ற மலர்கொடி, அவரைப் பார்த்து மனசாரக் கும்பிட்டாள். "நடராசன் அண்ணன்தான் அனுப்புனாருன்னு சொன்னேன். பாய் மறுபேச்சே பேசலண்ணே!"