வளைக்குள் போகும் நெல்

களத்து எலிகளின் தலைவர் தேர்தலில் நின்ற பெருச்சாளியார் வைக்கோல் மேட்டில் ஏறி முழங்கினார்: "பழைய வரியை ஒழிப்பேன்! வளையில் சேர்க்கிற நெல்லுக்கு இனி வரி கிடையாது. வாயில் போடுகிற நெல்லுக்கு மட்டும்தான்!"

எலிகள் வாலைத் தூக்கி ஆரவாரம் செய்தன. சுண்டெலி செவந்தி மட்டும் வாலைத் தூக்கவில்லை. அன்றன்று பொறுக்குவதே அவள் குட்டிகளுக்குப் போதவில்லை. இதில் சேர்த்து வைக்க என்ன இருக்கிறது?

"அண்ணே, உங்க வளையில இருக்கிற நெல்லு?"

"அது சேமிப்பும்மா. களத்தோட வளர்ச்சி."

"எங்க பசி?"

"அது செலவு. கொஞ்சம் குறைச்சுக்கணும்."

ஓட்டுப் போடுகிறவர் ஒரு நெல்லை வேட்பாளரின் வளைக்குள் உருட்டிவிடுவது அங்கே வழக்கம். ஓட்டு நாளில் தன் முறை வந்ததும் செவந்தி பெருச்சாளியாரின் வளைக்குள் எட்டிப் பார்த்தாள். கூரை முட்ட நெல் கிடந்தது.

"இந்த ஓட்டு நெல்லுக்கும் வரி இல்லையாண்ணே?"

"உள்ள வந்துட்டா ஏதும்மா வரி?" என்று சிரித்தார்.

செவந்தி தன் நெல்லைக் கடித்து, உமியை அவர் முகத்துக்கு நேரே துப்பிவிட்டு, நறநறவென்று மென்றாள். "தின்னுட்டேன். வரி வேணும்னா என் வயித்தைக் கிழிச்சு எடுத்துக்கோ!"

அவளுக்குப் பின்னால், வரிசை நெடுக, உமி உரிக்கும் சத்தம் கேட்டது.