சிவப்புக் கார் சொன்ன பதில்

பழைய கார் விற்கும் ஓணானிடம் வேகத்துக்குப் பேர்போன ஒரு குட்டிச் சிவப்புக் கார் இருந்தது. இன்றும் விலைபோகாவிட்டால் உடைத்து இரும்பாக்கிவிடுவேன் என்று ஓணான் அதை மிரட்டியிருந்தது.

வாங்க வந்த கீரி காரிடமே கேட்டது: "உனக்கு என்ன கோளாறு இருக்கு? நீயே சொல்லு."

ஒன்றுமில்லை என்று சொல்லும்படி ஓணான் கண்ணைக் காட்டியது. காருக்குப் பொய் வரவில்லை.

"ஆயில் கொஞ்சம் குடிப்பேன். போன வருஷம் கிளட்ச் மாத்தினாங்க. ஆனா யாரையும் நடுவழியில விட்டதில்ல."

ஓணான் தலையில் அடித்துக்கொண்டது. கீரியோ சாவியை வாங்கிக் காரை மலைப்பாதைக்கு விட்டது. கார் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் சீறிப் பாய்ந்து, இளைக்காமல் உச்சியைத் தொட்டது.

அங்கிருந்தே கீரி போன் போட்டது: "அண்ணே, இது இனி என் வண்டி. விலையை மட்டும் சொல்லுங்க!"

மலையே அதிரும்படி கார் ஹாரன் அடித்தது.