பலகை விடாத ஆணி

ஓர் ஊரில் பெரிய வணிக வளாகம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. காங்கிரீட் வார்ப்பதற்காகத் தச்சர் செங்கோடன் அங்கே அடித்த சென்ட்ரிங் பலகைகளில் ஒன்று, தனக்குள் இறங்கிய ஆணியோடு சிநேகமாகிவிட்டது. ஈரக் காங்கிரீட்டின் பாரத்தை இரண்டும் சேர்ந்தே தாங்கின.

காங்கிரீட் இறுகியதும் ஆணி சொன்னது: “தச்சர் என்னைப் பிடுங்க வருவார். விட்டுடு. வளைஞ்சாலும் தட்டி நிமிர்த்தி மேல்மாடிக்குக் கொண்டுபோவார்.”

“எல்லாரும் இப்படித்தான் போனாங்க,” என்றது பலகை. அதன் உடம்பெல்லாம் பழைய ஆணிகள் விட்டுப்போன துளைகள்.

“போறதுதானே என் பிழைப்பு?”

செங்கோடன் வந்து சுத்தியலின் பிளவில் ஆணித்தலையை மாட்டி நெம்பியபோது, பலகை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆணியை இறுக்கியது. அவர் பலங்கொண்டு இழுத்தார். ஆணி பாதியில் முறிந்தது. தலைப்பாதி கீழே ஜல்லியில் விழுந்து மறைந்தது.

செங்கோடன் பலகையைத் தடவிப் பார்த்தார். “இரும்பு உள்ளேயே நின்னுபோச்சே. இனி இதுல ரம்பம் வைக்க முடியாது,” என்று விறகுக் குவியலில் போட்டார்.

அங்கே கிடந்தபடி பலகை தனக்குள்ளிருந்த பாதியைக் கூப்பிட்டது. “இப்போ போ. நான் பிடிக்கலை,” என்றது.

தலையில்லாத அந்தப் பாதி, பிடித்து இழுக்க இடமின்றி உள்ளேயே கிடந்தது. மேல்மாடியில் வேறு பலகைகளில் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.