அன்புக்கரசிக்குத் தெரியாத வீடு

தாழ்ந்த நிலைவாசலில் அன்புக்கரசி தன்னையறியாமல் குனிந்தாள். அவளைப் பின்தொடர்ந்து வந்த முகேஷ்குமார் குனியவில்லை.

நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றவரைப் பார்த்து அவள் கவலைப்படவில்லை. வீட்டின் குறைகளை முதலில் சொல்லிவிடுவது அவள் வழக்கம். இன்றைக்கு வீடே முந்திக்கொண்டது.

திண்டுக்கல்லில் வீடு வாங்க வேண்டும், விற்க வேண்டும் என்றால் அன்புக்கரசியைத்தான் கைகாட்டுவார்கள். எந்த வீட்டுக் கிணற்றில் உப்புத் தண்ணீர், எந்த வீட்டை எந்த மகராசன் எதற்காகக் கட்டினான், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. "இந்த ஊர்ல எனக்குத் தெரியாத வீடா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் ஸ்கூட்டியைக் கிளப்பிவிடுவாள்.

ஆனால் இந்த வீட்டுக்கு இன்று சாயங்காலம் வரைதான் கெடு. சொந்தக்காரர் முத்துக்கிருஷ்ணன் கோயம்புத்தூரில் இருக்கிறார். இதை இடித்துவிட்டு குடோன் கட்ட ஒருவர் அட்வான்ஸோடு நிற்கிறார். அதே விலைக்கு, குடியிருக்கிற மாதிரி ஆள் கிடைத்தால் கொடுக்கலாம் என்று முத்துக்கிருஷ்ணனைச் சம்மதிக்க வைப்பதற்குள் அவளுக்கு நாக்கு தள்ளிவிட்டது.

முகேஷ்குமாருக்குச் சொந்த ஊர் எரியோடு. மனைவி தமிழ்மதிக்குக் காந்திகிராமத்தில் வேலை. இருவரும் புது அப்பார்ட்மெண்ட் பார்க்கத்தான் வந்தார்கள். போகிற வழியில் இதையும் ஒரு எட்டு பார்த்துவிடலாம் என்று இழுத்துவந்தது அன்புக்கரசி.

கார் தெருவில்தான் நிற்கும் என்றாள். பாத்ரூம் பின்பக்கம். மழை பெய்தால் மேற்கு மூலையில் ஒழுகும். ஒரு வாளி வைத்துவிட்டுத் தூங்கலாம், விடியும்வரை நிறையாது.

பிறகு வீட்டின் கதைக்கு வந்தாள். ஒரு சுருட்டு வியாபாரி கட்டிய வீடு இது. மாடியறையில்தான் புகையிலைக் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தாராம். நெடி தாங்காமல் பெண்டாட்டி இருமுகிறாள் என்று, கட்டி முடித்த சுவரை இடித்து மலைக்கோட்டையைப் பார்த்து ஒரு சன்னல் வைத்தாராம். ஊரே சிரித்ததாம். மழை நாளில் அந்தச் சுவர் இன்றைக்கும் புகையிலை மணக்கும் என்று சொன்னபோது அவள் முகம் மலர்ந்திருந்தது.

தமிழ்மதி கூடத்துச் சுவரில் இருந்த வெறும் ஆணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் குடியிருப்பவர் பின்கட்டில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். சர்ச்சில் காலைப் பூசைக்குப் போட்டுப் போன வெள்ளைச் சட்டையைக்கூட இன்னும் மாற்றவில்லை. சார், செத்த ஒதுங்கிக்கோங்க என்றாள் அன்புக்கரசி. அவர் தட்டை இழுத்துக்கொண்டு ஒதுங்கினார்.

குடியிருப்பவர்கள் ஒழுங்காகக் காலி செய்வார்களா என்று முகேஷ்குமார் தணிந்த குரலில் கேட்டார். அவருடைய சித்தப்பா இதே விவகாரத்தில் கோர்ட்டுக்கு அலைந்து தேய்ந்துபோனவர்.

"சொன்ன தேதிக்குக் காலி பண்ணிருவாங்க சார். அதுக்கு நான் பொறுப்பு."

இதை அவள் தணிந்த குரலில் சொல்லவில்லை. குடியிருப்பவர் கையில் கத்தி ஒரு கணம் நின்றது. பிறகு அவர் அடுத்த பீன்ஸை எடுத்தார்.

மாடியறைக்குக் கூட்டிப்போனவள் அங்கே எதையும் புகழவில்லை. பார்த்தது போதும், செத்த நேரம் சும்மா உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்து படியில் உட்கார்ந்தாள். வீடு தானே பேச வேண்டும் என்பது அவள் தொழில் முறை. இதுவரை கைவிட்டதில்லை.

இவர்கள் வேண்டாம் என்றால் நாளைக்கே ஜேசிபி வந்துவிடும். அவள் பக்கத்துச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அப்போது சன்னல் திறக்கிற சத்தம் கேட்டது.

அந்தச் சன்னல் லேசில் திறக்காது. கொஞ்சம் தூக்கித் தள்ள வேண்டும். பிடிக்காத வீட்டில் யாரும் அந்தப் பாடு பட மாட்டார்கள். வீட்டு வியாபாரம் முடிந்துவிட்டது என்று அன்புக்கரசிக்குத் தெரிந்துவிட்டது.

வெளியே வந்த தமிழ்மதியின் தலைமுடி காற்றில் கலைந்திருந்தது. அப்பார்ட்மெண்ட் பேச்சை அவள் எடுக்கவேயில்லை. முகேஷ்குமார் அங்கேயே நின்று முத்துக்கிருஷ்ணனிடம் போனில் பேசி அட்வான்ஸ் போட்டுவிட்டார். கிளம்பும்போது மறக்காமல் குனிந்தார்.

கார் தெருமுனை திரும்பும்வரை அன்புக்கரசி வாசலில் நின்று கையாட்டினாள். பிறகு ஸ்கூட்டியை உள்ளே தள்ளி நிறுத்திவிட்டு, பின்கட்டுக்குப் போய் அவருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

பிராங்கிளின் எழுந்துபோய் பீரோவிலிருந்து தங்கள் இருவரின் கல்யாணப் போட்டோவை எடுத்து, கூடத்து ஆணியில் பழையபடி மாட்டிவிட்டு வந்தார்.

காலையில் அதைக் கழற்றச் சொன்னவள் அவள்தான். இது நாம் குடியிருக்கிற வீடு, கல்யாணமான நாளிலிருந்து வாடகைக்கு இருக்கிறோம் என்று தெரிந்தால் வருகிறவர்கள் பாவம் பார்ப்பார்கள். பாவம் பார்க்கிறவர்கள் வாங்க மாட்டார்கள். குடோன்காரன் வாங்கிவிடுவான்.

அவளுக்கு அழுகை முட்டியது. அதைவிட அதிகமாகப் பெருமையாக இருந்தது. வீடு பிழைத்துவிட்டது.

"அவங்க நல்லவங்களாத்தான் தெரியுது" என்றார் பிராங்கிளின். "நாம எங்க போறது அரசி?"

"இந்த ஊர்ல எனக்குத் தெரியாத வீடா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் எழுந்தாள். தமிழ்மதி மாடிச் சன்னலைத் திறந்தபடியே விட்டுப் போயிருந்தாள். அதைத் தூக்கி இழுத்தால்தான் மூடும். வீட்டைக் காலி செய்யும்போது அவளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.