ஜன்னல் சீட்டில் ஒரு துண்டு

ஜமுனாமரத்தூரில் பஸ் ஏறியதுமே செந்தாமரை முன்பக்கம் விரைந்தாள். டிரைவருக்குப் பின்னால் இருந்த ஜன்னல் சீட்டில் யாரோ பச்சைத் துண்டு போட்டிருந்தார்கள். அந்த சீட்டு கிடைக்காவிட்டால் மகன் அருள்மணி ஆலங்காயம் வரைக்கும் அலறுவான். அவனுக்கு ஆட்டிசம்.

"துண்டு யாருதுங்க?"

கேட்டுக்கொண்டே குனிந்து பார்த்தாள். அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. போன வாரம் இதே சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "ஏம்மா, புள்ளைய அடக்கத் தெரியலன்னா வூட்லயே கெடக்க வேண்டியதுதானே?" என்று கத்திய மீசைக்காரனின் துண்டு.

அருள்மணி காதைப் பொத்திக்கொண்டு முனக ஆரம்பித்தான். வாராவாரம் அவனை ஆலங்காயத்துக்குப் பயிற்சிக்கு அழைத்துக்கொண்டு அலைந்து என்ன ஆகப்போகிறது என்று அவளுக்கு வெறுத்துப் போனது. மகனை இழுத்துக்கொண்டு இறங்கப் போனாள்.

படியில் அந்த மீசைக்காரனே நின்றிருந்தான்.

"எறங்காதீங்கக்கா. தம்பிக்குத்தான் துண்டு போட்டு வெச்சேன்."

அவள் நம்பாமல் பார்த்தாள். அவன் குரலைத் தாழ்த்தினான்.

"எம் பொண்ணுக்கு மூணு வயசு. பேர் சொல்லிக் கூப்ட்டா திரும்பவே மாட்டேங்குது. வூட்ல யாராண்டயும் சொல்ல முடியல. அன்னிக்கு தம்பியப் பாத்ததும் பயம் வந்துடுச்சு. அதான் கத்திட்டேன். தம்பியப் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போறீங்கன்னு கண்டக்டர் சொன்னாரு. அதுக்குப் போனா சரியாயிடுமாக்கா?"

அதற்குள் அருள்மணி ஓடிப்போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"எனக்கும் தெரியலைங்க" என்றாள் செந்தாமரை. துண்டை எடுத்து மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். "அடுத்த வாரம் பாப்பாவைக் கூட்டிட்டு வாங்க. பின்னாடி ஜன்னல் சீட்டுக்கு இந்தத் துண்ட நான் போட்டு வெக்கிறேன்."